“அங்க தண்ணி எத்தன அடியில, கண்ணு?”

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஆறு ஏக்கர் தோட்டம். நான்கு ஏக்கரில் தென்னை. மீதியில் மாட்டுக்குச் சோளத்தட்டு. பெரியவர் காலை ஆறரைக்கெல்லாம் தோப்பில் இருப்பார். அந்த நேரத்துக்குத்தான் அவருடைய கைப்பேசி அடிக்கும். மறுமுனையில் மகனும் மருமகளும். அமெரிக்காவில் அப்போது முந்தைய நாள் இரவு.

கடந்த ஜூன் மாதம் இந்தப் பேச்சு இரண்டு வாரத்துக்கும் மேல் நாள் தவறாமல் நடந்தது. இருவரும் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வேலை பார்ப்பவர்கள். 18 நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காரில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு, கலிஃபோர்னியாவிலுள்ள மருமகளின் தம்பி வீடுவரை கிளம்பினார்கள். ஏறக்குறைய 4,000 கி.மீ. விமானத்தில் போயிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். “மேல போனா மேகத்தத்தான் பார்க்கோணும். கீழ போனா காட்டைப் பார்க்கலாமுங்க மாமா” என்றார் மருமகள். அவரும் விவசாயக் குடும்பத்துப் பெண்தான்.

பெரியவருக்கு வேறு கவலை. தோட்டத்தில் 80 அடிக் கிணறு வறண்டு பல வருடமாகிறது. 650 அடி போர் புகையாகிவிட்டது. 900 அடி போரில் அரை மணி நேரம் ஓடினால் மோட்டார் காற்றைக் கக்குகிறது. மூன்றாவது போர் 1,200 அடிக்குப் போட வேண்டும். மோட்டார், பைப், கேபிள் எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் ஆகும் என்று மகனிடம் கேட்டிருந்தார். ஊர் போய்த் திரும்பியதும் அனுப்புவதாக மகன் சொல்லியிருந்தார். அதனால்தான் ஒவ்வொரு நாளும் பெரியவரின் முதல் கேள்வி இதுவாகவே இருந்தது: “அங்க தண்ணி எத்தன அடியில, கண்ணு?”

விறகைக் கொண்டுபோகக் கூடாது

முதல் இரவு இந்தியானா மாநிலத்துப் பூங்கா ஒன்றில். அங்கே கூடாரம் போட்டுத் தங்குவதற்கென்றே இடம் பிரித்து எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு மர மேசை, தீ மூட்ட இரும்பு வளையம், பக்கத்தில் தண்ணீர்க் குழாய், சற்றுத் தள்ளிக் குளியலறை. மருமகள் சின்ன கேஸ் அடுப்பில் ரவை உப்புமா கிண்டினார். ஊறுகாயும் பருப்புப் பொடியும் வீட்டிலிருந்தே வந்திருந்தன.

குளிருக்குத் தீ மூட்டலாம் என்று கொலம்பஸிலிருந்து விறகு கொண்டுவர மகன் நினைத்திருந்தார். நல்லவேளை, முன்பே விதியைப் படித்துவிட்டார். எரிக்கும் இடத்திலேயே விறகு வாங்க வேண்டும். தூரத்திலிருந்து கொண்டுபோகக் கூடாது. காரணம் ஒரு பச்சை நிற வண்டு. ஆசியாவிலிருந்து வந்த இந்தத் துளைப்பான் 2002-ல் டெட்ராய்ட் நகரப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பட்டைக்குள் புழு இருக்கும் விறகை மக்கள் காரில் எடுத்துப்போனதும் அது பரவ ஒரு வழியானது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின.

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் தென்னை ஓலையைத் திருப்பிப் பார்த்தார். 2016-ல் பொள்ளாச்சியில் தெரியவந்த சுருள் வெள்ளை ஈ அவர் தோப்பையும் விடவில்லை. “பூச்சி நடந்தா வருது? நாமதான் வண்டியேத்திக் கூட்டிட்டு வர்றோம்” என்றார்.

அக்கா வீட்டில் ஒரு நாள்

இந்தியானா, இல்லினாய் மாநிலங்களைக் கடக்கும்வரை சாலையின் இருபுறமும் மக்காச்சோளம், சோயா, சோயா, மக்காச்சோளம். இந்த ஆண்டு மக்காச்சோளம் போட்ட வயலில் அடுத்த ஆண்டு சோயா. வேர்முடிச்சில் சோயா சேர்க்கும் தழைச்சத்து அடுத்த பயிருக்கும் உதவும் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. கார் ஓட்டவும் மக்காச்சோளம், கோழிக்கும் பன்றிக்கும் மக்காச்சோளம். அங்கே பெரும்பாலும் மழையிலேயே விளைகிறது. தண்ணீர் எத்தனை அடியில் என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. பல வயல்களில் கூடுதல் தண்ணீரை வடிக்கத்தான் மண்ணுக்கடியில் குழாய் பதித்திருக்கிறார்கள்.

கன்சாஸ் சிட்டியில் மருமகளின் பெரியப்பா மகள் வீடு. ஆறு வருடம் கழித்துச் சந்திப்பு. அக்கா அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி வைத்திருந்தார். குழந்தைகள் தமிழில் பேசக் கூச்சப்பட்டு, பிறகு கூடாரத்தைக் கொல்லையில் விரித்துக் காட்டியதும் ஒட்டிக்கொண்டார்கள். கிளம்பும்போது அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சாதம் இரண்டு நாளுக்கு வந்தது.

கல்லுக்கால் வேலியும் ஆலங்கட்டி மழையும்

கன்சாஸ் சிட்டி தாண்டி மேற்கே போகப்போக மரம் குறைகிறது, மழை குறைகிறது. வில்சன் ஏரிப் பக்கம் வந்ததும் மகன் காரை ஓரம் கட்டினார். வேலியெல்லாம் கல்லுக்கால்! கொங்கு நாட்டுத் தோட்டத்தைப் போலவே. வேலிக்கால் வெட்ட மரம் கிடைக்காத அந்தச் சமவெளியில், குடியேறிய விவசாயிகள் மண்ணுக்கடியிலிருந்த சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கால் நட்டு முள்கம்பி கட்டியிருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகியும் பல கால்கள் நிற்கின்றன. படம் வந்ததும் பெரியவர் அதைப் பக்கத்துத் தோட்டம்வரை காட்டிவிட்டு வந்தார்.

அது கோதுமை அறுவடைக் காலம். முந்தைய இலையுதிர் காலத்தில் விதைத்து, பனிக்காலத்தைத் தாண்டி, ஜூனில் அறுக்கும் கோதுமை. டெல்டாவுக்கு வெளியூர் அறுவடை இயந்திரங்கள் வருவதுபோல, அங்கே கூலிக்கு அறுக்கும் குழுக்கள் உண்டு. டெக்ஸஸில் தொடங்கி, பயிர் பழுக்கப் பழுக்க வடக்கே கனடா எல்லைவரை போகிறார்கள். குடும்பத்தோடு வண்டி வீட்டிலேயே தங்குகிறார்கள்.

“ஏக்கருக்கு எவ்வளவு?” என்றார் பெரியவர்.

நல்ல ஆண்டில் 50 புஷல். ஒரு புஷல் கோதுமை 27 கிலோ. அப்படியானால் ஏக்கருக்கு 1,350 கிலோ. “இவ்வளவுதானா? பஞ்சாப்ல இதுக்கும் மேல எடுக்கறாங்களே” என்று பெரியவர் ஆச்சரியப்பட்டார். பஞ்சாபில் பாசனம் உண்டு. இங்கே பெரும்பாலும் மானாவாரி. கன்சாஸில் ஒரு பண்ணையின் சராசரி அளவே 700 ஏக்கருக்கு மேல். ஏக்கருக்குக் கொஞ்சம் கிடைத்தாலும் ஏக்கர் நிறைய.

அன்று இரவு வில்சன் ஏரிக்கரையில் கூடாரம். பதினோரு மணிக்குக் காற்று திரும்பியது. கைப்பேசியில் அபாய அறிவிப்பு. முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு கூடாரத்தின் ஒரு பக்கம் படுத்துவிட்டது. சூறைக்காற்று வந்தால் கழிவறைக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும் என்று பகலிலேயே பலகையில் பார்த்து வைத்திருந்தார்கள். ஏழெட்டுக் குடும்பங்கள் அந்தச் சிமென்ட் கட்டடத்துக்குள் நின்றன. நெல்லிக்காய் அளவு ஆலங்கட்டி கூரையில் விழுந்தது. சூறைக்காற்று வரவில்லை. மீதி இரவைக் காரில் கழித்தார்கள்.

காலையில் சாலையோரக் கோதுமை ஒன்று தரையோடு படுத்துக் கிடந்தது. இரண்டு நாளில் அறுக்க வேண்டிய பயிர். வரப்பில் ஒருவர் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மகன் அதைப் படம் எடுக்கவில்லை. “அந்த நிக்கற நிப்பு எனக்குத் தெரியும் கண்ணு” என்று மட்டும் சொன்னார் பெரியவர்.

ஐந்து ஆண்டுக்கு 55 அங்குலம்

மேற்குக் கன்சாஸில்தான் பெரியவரின் கேள்விக்கு விடை கிடைத்தது. அங்கே வயல் வட்டமாக இருக்கிறது. நடுவில் கிணறு; அதிலிருந்து சுமார் 400 மீட்டர் நீளமுள்ள குழாய், சக்கரங்களின்மேல் கடிகார முள்போலச் சுற்றிவந்து நீர் தெளிக்கிறது. 160 ஏக்கர் சதுரத்தில் ஏறக்குறைய 130 ஏக்கர் நனையும். நான்கு மூலையும் காயும். ஃபிராங்க் சைபாக் என்ற கொலராடோ விவசாயி இதற்கு 1952-ல் காப்புரிமை பெற்றார்.

இந்தத் தண்ணீர் ஒகல்லாலா என்ற நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. எட்டு மாநிலங்களின் அடியில் மணலும் சரளையுமாகப் பரந்து கிடக்கிறது. கிணறுகள் சில நூறு அடிதான்.

“சில நூறா! நான் ஆயிரத்தைத் தாண்டி நிக்கறன்” என்றார் பெரியவர்.

ஆனால் அங்கேயும் இறங்குகிறது. மேற்குக் கன்சாஸில் மழை குறைவு. ஊறுவது மெதுவாக, இறைப்பது வேகமாக. பல இடங்களில் நூறு அடிக்கு மேல் மட்டம் இறங்கி, சில கிணறுகள் கைவிடப்பட்டிருக்கின்றன.

இருவரும் பெருஞ்சாலையை விட்டு வடக்கே ஷெரிடன் மாவட்டத்துக்குப் போனார்கள். தானியக் கிடங்கு வாசலில் ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தார்கள். அவர் விவரமாகச் சொன்னார். கன்சாஸில் நிலத்தடி நீர் எடுக்க அரசின் உரிமம் வேண்டும். கிணற்றுக்கு மீட்டர் உண்டு. எடுத்த கணக்கை ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். 2012-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு பகுதி விவசாயிகள் தாங்களாகவே கூடி நீர் குறைப்புத் திட்டம் வகுத்தால், அரசு அதைச் சட்டபூர்வமாக்கும். முதலில் அப்படிச் செய்தது ஷெரிடன், தாமஸ் மாவட்டங்களைச் சேர்ந்த ஒரு பகுதி. 2013 முதல், ஏக்கருக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து 55 அங்குலம். வறட்சியான ஆண்டில் கூடுதலாக எடுத்து, மழை ஆண்டில் குறைத்துக்கொள்ளலாம். மொத்தம் தாண்டக் கூடாது.

இங்கே ஒரு விளக்கம். நம் ஊரில் ‘இரண்டு இஞ்சுத் தண்ணி’ என்றால் போரிலிருந்து வந்து விழும் அளவு. அவர்கள் சொல்லும் அங்குலம் வயலில் நிற்கும் நீரின் ஆழம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் என்றால் ஒரு லட்சத்து இரண்டாயிரம் லிட்டருக்குச் சற்று மேல். 55 அங்குலத்தை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 11 அங்குலம். அதாவது ஏக்கருக்கு சுமார் 11.3 லட்சம் லிட்டர்.

தண்ணீர் குறைந்ததும் விவசாயிகள் மண் ஈரம் காட்டும் கருவி புதைத்தார்கள். மக்காச்சோளப் பரப்பைக் கொஞ்சம் குறைத்து, தண்ணீர் குறைவாகக் கேட்கும் சோளமும் கோதுமையும் போட்டார்கள். விதையையும் உரத்தையும் அதற்கேற்ப இறக்கினார்கள். கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் கணக்குப் பார்த்ததில், நீர் எடுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. விளைச்சல் சற்றுக் குறைந்தாலும், செலவும் குறைந்ததால் கையில் நின்ற பணம் குறையவில்லை. நீர்மட்டம் இறங்கும் வேகமும் தணிந்தது. 2018-லும் 2023-லும் திட்டத்தைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை தோப்பில் நீண்ட நேரம் பேச்சு நடந்தது.

“எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?”

“அந்தப் பகுதியில பேசிப் பேசி ஒத்துக்கிட்டாங்க அப்பா. அதுக்கப்புறம் பெரிய பரப்புக்கு இதே மாதிரி கொண்டுவந்தப்ப சிலர் கோர்ட்டுக்குப் போனாங்க.”

“போவாங்க. நான் குறைச்சு, பக்கத்துக்காரன் உறிஞ்சுனா எனக்கென்ன மிச்சம்?”

மகனிடம் பதில் இல்லை. மருமகள்தான் சொன்னார்: “அதுக்குத்தான் மாமா எல்லாரும் ஒண்ணாக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. தனியாளுக்கு அது நட்டம்.”

பழத்தோட்டத்துக்குள் கூடாரம்

கொலராடோவில் சாலை மலையேறுகிறது. 11,000 அடிக்கு மேல் ஒரு சுரங்கப்பாதை. அங்குள்ள தேசியக் காடுகளில், அனுமதித்த இடங்களில் கட்டணமில்லாமல் கூடாரம் போடலாம். கரடி உண்டு என்பதால் உணவை, பற்பசையைக்கூட, கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. ஜூன் மாதத்திலும் இரவில் கம்பளி தேவைப்பட்டது. மலை இறங்கினால் கொலராடோ ஆறு கூடவே வருகிறது. ஏழு மாநிலங்களும் மெக்சிகோவும் பங்கிட்டுக்கொள்ளும் ஆறு. பெரும்பாலான ஆண்டுகளில் கடலைச் சேர்வதேயில்லை.

யூட்டா மாநிலத்தில் செம்பாறை மலைகளுக்கு நடுவே ஃப்ரூட்டா என்றொரு இடம். கேப்பிட்டல் ரீஃப் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1880-களில் குடியேறிய மார்மன் குடும்பங்கள், ஒரே காலத்தில் பத்துக் குடும்பத்துக்கு மேல் இருந்ததில்லை, ஃப்ரீமான்ட் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பழமரம் வைத்தன. குடும்பங்கள் போய்விட்டன, மரங்கள் இருக்கின்றன. பூங்காக்காரர்களே கவாத்து செய்து, அதே வாய்க்கால் முறையில் பாய்ச்சிப் பார்த்துக்கொள்கிறார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் மரங்கள். அவற்றின் பக்கத்திலேயே கூடாரம் போடும் இடம்.

பழுத்த தோப்பைத் திறந்துவிடுகிறார்கள். ஏணி வைத்துப் பறித்து அங்கேயே தின்றால் காசில்லை. எடுத்துப்போனால் தராசில் நிறுத்து, உண்டியலில் பணம் போட வேண்டும். காவலுக்கு ஆளில்லை. ஏப்ரிகாட் பழம் ஒரு பை நிறையப் பறித்தார் மருமகள். வாய்க்கால் மடையில் கால் வைத்து உட்கார்ந்தபோது, பி.ஏ.பி. தண்ணீர் வந்த நாளில் அப்பா மண்வெட்டியோடு ஓடுவது நினைவுக்கு வந்ததாக மகன் பிறகு சொன்னார். அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் பல்லடத்தில் மணி அடிக்கவில்லை. பெரியவர் இரண்டு தடவை கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

இறங்கிப்போன நிலம்

நெவாடா பாலைவனத்தை ஒரே ஓட்டமாகக் கடந்தார்கள். கலிஃபோர்னியா எல்லையில் வேளாண்மைச் சோதனைச் சாவடி. பழம், செடி ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பூச்சி போய்விடக் கூடாது என்பதற்காக. சாவடிக்கு முந்தைய ஊரிலேயே மீதி ஏப்ரிகாட்டை இருவரும் தின்று தீர்த்தார்கள். வயிறு அன்றிரவு அதற்குக் கணக்குக் கேட்டது.

ஃபிரெஸ்னோவில் மருமகளின் தம்பி வீடு. மூன்று நாள் மெத்தையில் தூக்கம். ஒரு நாள் தம்பி மெண்டோட்டா பக்கம் கூட்டிப்போனார். உலகின் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கலிஃபோர்னியாவில் விளைகிறது; அந்தப் பள்ளத்தாக்கில் கண்ணுக்கெட்டியவரை பாதாம். அந்தப் பகுதியில் 1977-ல் எடுத்த ஒரு படம் பெயர்பெற்றது. ஜோசப் போலண்ட் என்ற நிலவியலாளர் ஒரு கம்பத்தடியில் நிற்கிறார். அவர் தலைக்கு மிக மேலே 1925 என்று பலகை. அந்த ஆண்டில் தரைமட்டம் அங்கே இருந்தது! நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் அடுக்குகள் அமுங்கி, 52 ஆண்டுகளில் நிலமே ஏறக்குறைய 9 மீட்டர் இறங்கிவிட்டது. கிழக்கே உள்ள ஃப்ரையன்ட்-கெர்ன் வாய்க்கால்கூட ஓரிடத்தில் நிலத்தோடு இறங்கி, முழு அளவு நீரைக் கடத்த முடியாமல் போனது. 2014-ல்தான் அந்த மாநிலம் நிலத்தடி நீருக்கெனத் தனிச் சட்டம் போட்டது.

அதே மாவட்டத்தில் டான் கேமரூன் என்ற பண்ணையாளர் வேறு வழி பார்த்தார். 2011-ல் ஆற்றில் வெள்ளம் வந்தபோது அதைத் தன் திராட்சைத் தோட்டத்துக்குள் திருப்பி நிறுத்தினார். கொடி அழுகிவிடும் என்றார்கள். அழுகவில்லை. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. இப்போது பலரும் அந்த முறையைப் பின்பற்றுகிறார்கள்.

பல்லடத்தில்

எல்லாவற்றையும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே மணலும் களியும். பல்லடம் பக்கம் அடிப்பாறை. பாறையில் தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கும். ஆழம் போகப்போக வெடிப்பு அரிது. ஆயிரம் அடிக்குக் கீழே கிடைப்பது பழைய சேமிப்பு. ஒரு ஐப்பசி மழையில் அது திரும்ப நிறையாது. மழைநீர் வேகமாக இறங்குவது மேல்மட்டத்துக்கு, அதாவது நாம் கைவிட்ட கிணறுகளின் மட்டத்துக்குத்தான்.

கடைசி நாள் பேச்சில் பெரியவர் கணக்கு வைத்திருந்தார். ஏக்கருக்கு 70 மரம். சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 60 லிட்டர் என்றால், மழையில்லாத 200 நாளுக்கு ஏக்கருக்கு 8.4 லட்சம் லிட்டர். அவர்கள் கணக்கில் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். “சொட்டுநீர் ரெண்டு ஏக்கருக்குத்தான் இருக்குது. மீதி ரெண்டுல வட்டப்பாத்தி நிறைய விடறன். அதை இன்னைக்கு வரைக்கும் அளந்ததில்ல.”

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குச் சொல்லியிருந்ததை நிறுத்தி வைத்துவிட்டார். பங்காளிகள் இருவரிடம் பேசியிருக்கிறார். ஒருவர் கிணற்றைத் தூர்வாரி, ஓடைத் தண்ணீரை வண்டல் தொட்டி வழியாகத் திருப்பிவிடச் சம்மதம். செலவில் பாதி தருகிறார். இன்னொருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மேற்குத் தோட்டத்துக்காரர் போன வாரமே 1,100 அடி போட்டுவிட்டார்.

“தண்ணி வந்துதுங்களா மாமா?” என்றார் மருமகள்.

“வந்துது அம்மணி. அதுதான் பயமா இருக்குது.”

சிறிது நேரம் இரு பக்கமும் பேச்சில்லை.

“ஐப்பசி மழை வரைக்கும் பார்க்கறன் கண்ணு. பணத்துல பாதிய அனுப்பு. கிணத்துக்கும் மீதி ரெண்டு ஏக்கர் சொட்டுநீருக்கும் அது போதும். மீதிய வெச்சிரு. மரம் வாடுனா அப்பறம் கேக்கறன்.”

மகன் சரி என்றார். வெளியே தம்பி கார் கழுவக் குழாயைத் திறந்திருந்தார். மருமகள் எழுந்துபோய் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டு வந்தார்.